ஜிம் ஆலிசன், டி செல், அப்புறம் அந்த ரெண்டு வாரக் காத்திருப்பு

ரொம்ப நாளா இவரைப் பத்தி எழுதணும்னு இருந்தேன். ஜேம்ஸ் ஆலிசன், எல்லாரும் ஜிம்னுதான் கூப்பிடுவாங்க, 2018-ல மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஜப்பான்காரர் தசுக்கு ஹோன்ஜோவோட பகிர்ந்துக்கிட்டவர். கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சவர்னு அப்ப எல்லா பேப்பர்லயும் போட்டாங்க, அது தப்பில்ல, ஆனா விஷயம் என்னன்னா அவர் கொண்டுவந்த மருந்து கேன்சர் செல்லைத் தொடுறதே இல்ல. கீமோ மாதிரி செல்லைக் கொல்றது, ரேடியேஷன் மாதிரி சுடுறது, எதுவும் கிடையாது. நம்ம ரத்தத்துல ஏற்கனவே சுத்திக்கிட்டிருக்கற டி செல் மேல போய் ஒட்டுது, அவ்ளோதான், மிச்ச வேலைய அந்த செல்லே பாத்துக்குது. இதை முதல்ல படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அன்னைலேர்ந்து இவர் பேட்டி எங்க வந்தாலும் விடாம பாக்கறேன்.

ஆலிசன் 1948-ல பொறந்தவர், டெக்சாஸ் மாநிலத்துல தெற்குப் பக்கம் ஆலிஸ்னு ஒரு சின்ன ஊரு. அப்பா அந்த ஊர் டாக்டர். பையனுக்கு பத்து பதினோரு வயசு இருக்கும்போதே அம்மா லிம்ஃபோமாங்கற நிணநீர் கேன்சர் வந்து இறந்துட்டாங்க. அந்தக் காலத்துல கேன்சர்னு வீட்டுல வாய் திறந்து சொல்லமாட்டாங்க, இவருக்கும் அம்மாவுக்கு என்னன்னு யாரும் சொல்லல. அப்புறம் ரெண்டு மாமாக்கள் கேன்சர்லயே போனாங்க, 2005-ல அண்ணன் ப்ராஸ்டேட் கேன்சர்ல போனார். ஆனா பேட்டிகள்ல அவர் திரும்பத் திரும்ப ஒண்ணு சொல்லுவார், நான் கேன்சரைக் குணப்படுத்தணும்னு கிளம்பல, டி செல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் கிளம்பினேன்னு. எனக்கு ரெண்டுமே உண்மைன்னுதான் படுது. ஸ்கூல்ல பயாலஜி வகுப்புல பரிணாமக் கொள்கை நடத்தமாட்டாங்கன்னு தெரிஞ்சதும், அப்படின்னா அந்த வகுப்பே எனக்கு வேணாம்னு சொல்லிட்டு ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டி தபால் வழியா நடத்தின கோர்ஸ்ல படிச்ச பையன் அவர். அந்தப் பிடிவாதம்தான் பின்னாடி எல்லாத்துக்கும் உதவுச்சு.

சரி, டி செல்னா என்ன. நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு, அங்க முதிர்ச்சி அடையற வெள்ளை அணு வகைதான் டி செல். அந்த தைமஸ் எதுக்குன்னே 1961 வரைக்கும் யாருக்கும் தெரியாது, ழாக் மில்லர்னு ஒருத்தர் பிறந்த எலிக்குட்டிகள்கிட்டேர்ந்து அதை எடுத்துப் பாத்துட்டுத்தான் இது நோய் எதிர்ப்புக்கு அடிப்படைன்னு சொன்னார். டி செல் உடம்பு முழுக்க ரோந்து போகும், ஒவ்வொரு செல்லோட மேல்புறத்தையும் தடவிப் பாக்கும், வைரஸ் புகுந்த செல்லா இருந்தா கொன்னுடும். ஆனா எதை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்குதுன்னு 1980 வரைக்கும் தெரியல. உலகம் முழுக்க பெரிய பெரிய லேப் எல்லாம் அந்த ரிசெப்டரை, அதாவது டி செல் மேல இருந்து அடையாளம் கண்டுபிடிக்கற புரோட்டீனைத் தேடிக்கிட்டிருந்தப்ப, ஸ்மித்வில்னு டெக்சாஸ்ல ஒரு சின்ன ஊருல எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரியோட ஒரு கிளை லேப்ல உக்காந்து ஆலிசனும் கூட ரெண்டு பேரும் அந்த புரோட்டீனைப் பிடிச்சாங்க. 1982-ல அந்தப் பேப்பர் வந்துச்சு. அதுக்கப்புறம் 1985-ல கலிஃபோர்னியாவுல இருக்கற பெர்க்லி யுனிவர்சிட்டி அவரைக் கூப்பிட்டுக்கிச்சு.

இனிமேதான் முக்கியமான இடம் வருது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ரிசெப்டர் போய் ஒட்டினா மட்டும் டி செல் கிளம்பாதுன்னு சீக்கிரமே தெரிஞ்சுது. ஆலிசனே இதுக்கு காரை வெச்சுத்தான் சொல்லுவார், நானும் அதையே சொல்றேன். ரிசெப்டர் சாவி மாதிரி, திருகினா இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், வண்டி நகராது. நகரணும்னா ஆக்சிலரேட்டரை மிதிக்கணும், அது சிடி28-னு இன்னொரு மூலக்கூறு, டி செல் மேலயே இருக்கு. எதிர்ல இருக்கற செல் மேல பி7-னு ஒண்ணு இருந்தாதான் அதை மிதிக்க முடியும். இங்கயே ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, பி7 எல்லா செல்லுலயும் இருக்காது, கேன்சர் கட்டியில பெரும்பாலும் இருக்காது. அதனால டி செல் கட்டியப் பாத்தாலும், சாவி திருகின வண்டி மாதிரி உறுமிக்கிட்டு அங்கயே நிக்கும்.

இதுக்கு நடுவுல 1987-ல ஃப்ரான்ஸ்ல பியர் கோல்ஸ்டைன் குழு டி செல்லுலேர்ந்து இன்னொரு மூலக்கூறைக் கண்டுபிடிச்சிருந்தாங்க, பேரு சிடிஎல்ஏ-4. பாக்கறதுக்கு அப்படியே சிடி28 மாதிரியே இருக்கு, அதே பி7 மேலதான் போய் ஒட்டுது, சொல்லப்போனா சிடி28-ஐ விட ரொம்ப இறுக்கமா ஒட்டுது. பாத்த எல்லாரும் என்ன நினைப்பாங்க, இது ரெண்டாவது ஆக்சிலரேட்டர்னுதானே. அப்படித்தான் பலபேர் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஆலிசனோட மாணவர் மேத்யூ க்ரம்மல் அதுக்கு ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு மேல மட்டும் போய் ஒட்டற புரோட்டீன்) செஞ்சு டி செல்லோட சேத்துப் பாத்தப்ப முடிவு நேர் எதிரா வந்துச்சு, சிடிஎல்ஏ-4 வேலை செஞ்சா டி செல் அடங்குது, அதை மறைச்சா டி செல் பெருகுது. அதாவது அது ப்ரேக். சிகாகோவுல ஜெஃப்ரி ப்ளூஸ்டோன் குழுவும் அதே சமயத்துல தனியா இதே முடிவுக்கு வந்திருந்தாங்க. 1995-ல சிடிஎல்ஏ-4 ஜீனே இல்லாத எலிகளை உருவாக்கிப் பாத்தாங்க, அந்தக் குட்டிகள் மூணு நாலு வாரத்துல செத்துப்போச்சு, டி செல் கட்டுக்கடங்காம பெருகி இதயம், கணையம்னு சொந்த உறுப்புக்குள்ளயே புகுந்து நாசம் பண்ணிடுச்சு. ப்ரேக் இல்லாம உடம்பால ஒரு மாசம் கூட தாக்குப்பிடிக்க முடியாதுன்னு அப்பதான் தெரிஞ்சுது.

இந்த இடத்துல ஒரே மூலக்கூறைப் பாத்த பலபேர் பல திசையில யோசிச்சாங்க. ப்ளூஸ்டோனுக்கு உறுப்பு மாற்று சிகிச்சையிலயும் டயாபடீஸ்லயும் ஆர்வம், அவருக்கு டி செல்லை எப்படி அடக்கலாம்ங்கறதுதான் கேள்வி. அந்த வழியிலயும் ஒரு மருந்து வந்துச்சு, அபடாசெப்ட், முடக்குவாதத்துக்கு இன்னைக்கும் கொடுக்கறாங்க, அது பி7-ஐ எல்லாம் போய் மூடிடும், ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆளே இருக்காது. ஆலிசன் மட்டும் ப்ரேக்கைக் கொஞ்ச நாள் எடுத்துவிட்டா டி செல் கேன்சரை அடிக்குமான்னு கேட்டார். இன்னைக்குக் கேக்க எளிமையா இருக்கு. அன்னைக்கு கேன்சரையும் நோய் எதிர்ப்பு செல்லையும் சேத்துப் பேசினாலே பலபேர் முகம் சுளிப்பாங்க.

1994 கடைசி. அவர் லேப்ல டேனா லீச்னு ஒருத்தர்கிட்ட இந்த சோதனையக் கொடுத்தார். எலிகளுக்குப் பெருங்குடல் கேன்சர் செல்லைத் தோலுக்கடியில ஊசி போடணும், சிலதுக்கு சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கற ஆன்டிபாடி, சிலதுக்கு கொடுக்காம விடணும். கொஞ்ச நாள் கழிச்சு லீச் வந்து ரிசல்ட்டைக் காட்டறார், ஆன்டிபாடி போன எலிகள்ல கட்டியே இல்ல, மத்ததுல எல்லாம் வளந்துக்கிட்டே போகுது. நடுவுல எதுவும் இல்ல, சுத்தமா இது இல்லன்னா அது. லேப்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், இவ்ளோ சுத்தமா ஒரு ரிசல்ட் வந்தா முதல்ல சந்தோஷம் வராது, பயம்தான் வரும். ஆலிசன் உடனே திரும்பப் பண்ணுங்கன்னுட்டார். கிறிஸ்துமஸ் லீவு வேற, லீச் ஏற்கனவே ஊருக்குக் கிளம்ப ப்ளான் போட்டிருந்தார், அதனால ஊசி எல்லாம் போட்டு செட் பண்ணிட்டுப் போங்க, நான் அளக்கறேன்னு ஆலிசனே உக்காந்துட்டார். எந்தக் கூண்டுக்கு என்ன போச்சுன்னு அவருக்கே தெரியக்கூடாதுன்னு ஏற்பாடு.

இந்தக் காட்சிய நான் எத்தனையோ தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருக்கேன். லீவுல ஆளில்லாத லேப், ஐம்பது வயசை நெருங்கற ஒரு ப்ரொஃபசர் கூண்டைத் திறந்து ஒவ்வொரு எலியாப் பிடிச்சு அளவுகோலை வெச்சு கட்டிய அளக்கறார். வளந்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு அளக்கறார், இன்னும் வளந்திருக்கு. எல்லாக் கூண்டுலயும் வளருது, ஒண்ணு விடாம. அவருக்கு மனசு விட்டுப் போச்சு, முதல்ல வந்த ரிசல்ட் ஏதோ தற்செயல்னு நினைச்சிருக்கார். அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆகும்போது பாதி எலிகள்ல கட்டி வளர்றது நின்னுச்சு. அடுத்த தடவ அளந்தா சுருங்கியிருக்கு. அப்புறம் மேல புண்ணாகி, பொருக்கு தட்டி, கட்டியே காணாம போச்சு. மத்தப் பாதியில வளந்துக்கிட்டே இருக்கு. எது எந்தக் கூண்டுன்னு சொல்லவே வேண்டாம்.

அந்த ரெண்டு வாரம் என்ன நடந்துச்சுன்னா, டி செல் தயாராகிக்கிட்டிருந்துச்சு. கட்டியிலேர்ந்து செத்து விழற துண்டுகளை டென்ட்ரிடிக் செல்னு இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல் பொறுக்கிட்டுப் போய் நிணநீர் முடிச்சுல டி செல்லுக்குக் காட்டணும், சரியான டி செல் அதைக் கண்டுபிடிக்கணும், ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி லட்சக்கணக்குல பெருகணும், ரத்தத்துல ஏறி கட்டி இருக்கற இடத்துக்கு வந்து சேரணும். கீமோ மாதிரி போட்ட உடனே அடிக்கற விஷயம் இல்ல இது. இன்னொண்ணு, தப்பிச்ச எலிகளுக்குப் பிற்பாடு அதே கேன்சர் செல்லைத் திரும்பவும் ஊசி போட்டாங்க, வளரவே இல்ல. டி செல்லுக்கு ஞாபகம் இருக்கு, அம்மை ஒருதடவ வந்தா திரும்ப வராத அதே காரணம். 1996-ல லீச், க்ரம்மல், ஆலிசன் மூணு பேர் பேருல சயன்ஸ் பத்திரிகையில இது வந்துச்சு.

வந்ததும் கம்பெனிக்காரங்க எல்லாம் வரிசையில நின்னிருப்பாங்கன்னுதானே நினைக்கறீங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆலிசன் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினார், யாரும் தொடல. அவங்களுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சுன்னு சொல்லணும். இந்தத் துறையில ஏமாந்த கதை நிறைய. 1890-கள்ல நியூயார்க்ல வில்லியம் கோலின்னு ஒரு சர்ஜன், பாக்டீரியாவ கட்டிக்குள்ளயே ஊசி போட்டார், ஜுரம் வந்து சிலருக்குக் கட்டி கரைஞ்சும் போச்சு, ஆனா யாருக்கு கரையும் யாருக்கு கரையாதுன்னு அவராலயே சொல்ல முடியல, ரேடியேஷன் வந்ததும் அதை மறந்துட்டாங்க. 1980 வாக்குல இன்டர்ஃபெரான்னு உடம்பே சுரக்கற ஒரு புரோட்டீன்தான் எல்லாத்துக்கும் மருந்துன்னு பெருசா பேசினாங்க, பேசின அளவுக்கு ஒண்ணும் நடக்கல. அப்புறம் கேன்சர் தடுப்பூசின்னு வரிசையா தோல்வி. எலியில கேன்சரை குணப்படுத்தறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, மனுஷன்ல காட்டுங்கன்னு சொன்னாங்க. கடைசியில மெடரெக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி ஒத்துக்கிச்சு. அவங்ககிட்ட மனித ஆன்டிபாடி ஜீன்களைப் பொருத்தின எலிகள் இருந்துச்சு, அதுலேர்ந்து எடுத்த ஆன்டிபாடிதான் பின்னாடி இபிலிமுமாப்னு பேர் வெச்ச மருந்து.

முதல்ல மெலனோமா நோயாளிகள்கிட்டதான் போட்டுப் பாத்தாங்க. தோல்ல மச்சம் மாதிரி ஆரம்பிச்சு உள்ள பரவற கேன்சர், வெள்ளைக்காரங்களுக்குத்தான் அதிகம் வரும், நம்ம பக்கம் அரிது, அதனால நமக்கு அதோட பயம் சரியா தெரியாது. பரவிட்டா அன்னைக்கு ஒரு வருஷம் கூட தாண்டறது கஷ்டம், உருப்படியான மருந்துன்னு ஒண்ணுமே கிடையாது. 2003-ல அமெரிக்காவோட தேசிய கேன்சர் நிறுவனத்துலேர்ந்து ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, 14 பேருக்குக் கொடுத்ததுல 3 பேருக்குக் கட்டி சுருங்கியிருக்கு, 6 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு. குடல் வீங்கி பேதி, தோல் முழுக்க தடிப்பு, கல்லீரல், மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பின்னு டி செல் சொந்த உறுப்பையே தாக்கியிருக்கு. ப்ரேக்கை எடுத்தா அது நடக்கும்னு அந்த எலிக்குட்டிகள் ஏற்கனவே சொல்லியிருந்துச்சு. ஆனா ஸ்டீராய்டு கொடுத்தா பெரும்பாலும் அடங்குதுன்னும் தெரிஞ்சுது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற இடத்துக்கு வர்றேன். கேன்சர் மருந்து வேலை செய்யுதான்னு பாக்க உலகம் முழுக்க ஒரே முறைதான் இருந்துச்சு, சில வாரத்துல சிடி ஸ்கேன் எடு, கட்டி சுருங்கியிருந்தா மருந்து நல்ல மருந்து, வளந்திருந்தா தோல்வி, நிறுத்து. கீமோவுக்குன்னு செஞ்ச அளவுகோல் அது, கீமோவுக்கு சரியாத்தான் இருந்துச்சு. இபிலிமுமாப் போட்ட சில பேருக்கு முதல் ஸ்கேன்ல கட்டி பெருசாத் தெரிஞ்சுது. உண்மையிலயே வளந்ததாவும் இருக்கலாம், டி செல் கூட்டமா உள்ள புகுந்ததால வீங்கினதாவும் இருக்கலாம், ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய கணக்குப்படி அவங்களுக்கெல்லாம் மருந்து தோல்வி. ஆனா டாக்டருங்க சிலபேர் கவனிச்சுச் சொன்னாங்க, ஸ்கேன் மோசமா இருக்கு ஆனா ஆளு நல்லா இருக்கார், சாப்பிடறார், நடக்கறார்னு. ஆலிசன் 1994 கிறிஸ்துமஸ்ல அளவுகோலை வெச்சுக்கிட்டு எதைப் பாத்து மனசு விட்டாரோ அதேதான் இங்கயும் நடந்துக்கிட்டிருந்துச்சு, எலிக்கு ரெண்டு வாரம், மனுஷனுக்கு சில மாசம்.

ஃபைசர் கம்பெனியும் இதே சிடிஎல்ஏ-4-க்கு ட்ரெமெலிமுமாப்னு ஒரு மருந்து வெச்சிருந்தாங்க. 2008-ல அவங்க பெரிய ட்ரையலை நடுவுல கணக்கெடுத்துப் பாத்துட்டு, கீமோவை விட ஒண்ணும் பெருசா இல்லன்னு நிறுத்திட்டாங்க. மெடரெக்ஸும் கூட சேந்திருந்த பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப்பும் நிறுத்தல. கட்டி எவ்ளோ சுருங்குதுன்னு பாக்கறதை விட்டுட்டு ஆளு எவ்ளோ நாள் உயிரோட இருக்கார்னு பாக்கலாம்னு ட்ரையலோட அடிப்படைக் கேள்வியவே மாத்தினாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அப்படி மாத்தினா ரிசல்ட் வர இன்னும் வருஷக்கணக்குல காத்திருக்கணும், ஒவ்வொரு மாசமும் காசு போகும், கடைசியில ஒண்ணுமில்லன்னு ஆனா கம்பெனியே போயிடும். அந்த முடிவை எடுத்தவங்களை நினைச்சா எனக்கு ஆலிசன் அளவுக்கே மரியாதை வருது. அப்படி ஒண்ணு நடக்கலன்னா இந்த மருந்து இன்னைக்கு ஏதோ ஒரு பழைய பேப்பர்ல ஒரு வரியா கிடந்திருக்கும். (ட்ரெமெலிமுமாப் கூட கைமாறி 2022-ல கல்லீரல் கேன்சருக்கு வேற மருந்தோட சேத்து அனுமதி வாங்கிடுச்சு.)

2004-லயே ஆலிசன் பெர்க்லிய விட்டுட்டு நியூயார்க்ல ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார், மருந்து மனுஷனுக்குப் போற இடத்துல கூடவே இருக்கணும்னு. அங்க ஒருநாள் டாக்டர் ஜெட் உல்சாக் ஃபோன் பண்ணி கொஞ்சம் கீழ வாங்கன்னு கூப்பிட்டிருக்கார். போனா ஒரு சின்னப் பொண்ணு, 22 வயசுல மெலனோமா, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி எல்லா சிகிச்சையும் கைவிட்டு இந்த ட்ரையல்ல சேந்தவங்க. அன்னைக்குத்தான் கட்டி எதுவும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு இவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையாம். அதுவரைக்கும் எலியும் செல்லும்தான் பாத்த மனுஷன், இந்த மருந்தால பிழைச்ச ஆளை அவர் நேர்ல பாத்தது அப்பதான். பின்னாடி அவங்களுக்குக் குழந்தை பொறந்தப்ப ஃபோட்டோ அனுப்பியிருக்காங்க. இதை எந்த மேடையில சொன்னாலும் அவருக்குக் கண் கலங்கும், எனக்கும்தான்.

2010-ல ரிசல்ட் வந்துச்சு, 676 பேர் இருந்த ட்ரையல். இபிலிமுமாப் வாங்கினவங்க சராசரியா 10 மாசம், வாங்காதவங்க 6.4 மாசம். இவ்ளோதானான்னு தோணும், நாலு மாசத்துக்கா இத்தனை வருஷம்னு. ஆனா பரவின மெலனோமாவுல ஆயுளைக் கூட்டின முதல் மருந்து இதுதான். அதோட அந்தச் சராசரிக்குள்ள ஒளிஞ்சிருக்கறது வேற. இந்த மருந்து வாங்கினவங்க எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு ஒரு கோடு போட்டா, முதல் மூணு வருஷம் இறங்கிக்கிட்டே வரும், அப்புறம் அஞ்சுல ஒருத்தர் மிச்சம் இருக்கற இடத்துல கோடு அப்படியே படுத்துடும், பத்து வருஷம் வரைக்கும் படுத்தே இருக்கு. அதாவது மூணு வருஷம் தாண்டினவங்க பெரும்பாலும் பிழைச்சுட்டாங்க. நாலே நாலு டோஸ், மூணு வாரத்துக்கு ஒண்ணு. 2011 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, 1996 பேப்பர்லேர்ந்து பதினஞ்சு வருஷம்.

இதை எங்க சித்தி விஷயத்தோட சேத்து ஒண்ணு சொல்லணும். சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ போய்க்கிட்டிருந்த நேரம், பாக்க வர்றவங்க எல்லாம் ஒரே பாட்டு, எதிர்ப்பு சக்தி கொறஞ்சுபோச்சு அதான்னு. ஒரு பாட்டில்ல கஷாயம், ஒரு டப்பால பொடி, இதைக் குடி அதைக் குடி. அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, அதுல சந்தேகமில்ல. ஆனா எல்லாரும் போனப்புறம் சித்தி மெதுவா கேட்டாங்க, "ஏன்டா, நான்தான் உடம்பைக் கவனிக்காம விட்டுட்டேனோ? நேரத்துக்குச் சாப்பிடமாட்டேன்னு உங்க சித்தப்பா கூட திட்டிக்கிட்டே இருப்பாரு." எனக்கு அப்ப ஆலிசன்தான் ஞாபகம் வந்தார். "இல்ல சித்தி, உங்க உடம்புல டி செல் இல்லாம இல்ல, கேன்சர் வர்ற நிறையப் பேருக்கு அது நல்லாத்தான் இருக்கு, அந்தக் கட்டி அதை ஏமாத்தி நிக்க வெச்சிருக்கு, நீங்க சாப்பிட்டது சாப்பிடாததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொன்னேன். எவ்ளோ புரிஞ்சுதோ, "அப்ப என் தப்பு இல்லங்கற"ன்னு ஒரு தடவ கேட்டுட்டு, கஷாய பாட்டிலை நகத்தி வெச்சுட்டாங்க. அவங்க வகை கேன்சருக்கு இந்த மருந்து தேவைப்படல, கீமோவும் ஆபரேஷனும் போதுமா இருந்துச்சு, இப்ப நல்லா இருக்காங்க. ஆனா எதிர்ப்பு சக்திய ஏத்தணும் ஏத்தணும்னு நாம பேசற பேச்சு எவ்ளோ பேர் மனசுல குத்தமா போய் உக்காருதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. சக்தி கம்மிங்கறது இல்ல பல நேரம் பிரச்சினை, இருக்கற சக்திய யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்கங்கறதுதான், ஆலிசன் காட்டினது அதைத்தான்.

ஹோன்ஜோவைப் பத்தித் தனியா ஒரு போஸ்ட் எழுதணும், இங்க சுருக்கமா. கியோட்டோவுல அவர் குழு 1992-ல பிடி-1-னு இன்னொரு ப்ரேக்கைக் கண்டுபிடிச்சாங்க. சிடிஎல்ஏ-4 டி செல் கிளம்பற இடத்துலயே பிடிக்கும், பிடி-1 கட்டி வரைக்கும் போனப்புறம் அங்க பிடிக்கும், அதனால இதை எடுத்தா பக்கவிளைவு கொஞ்சம் கம்மி, நிறைய வகை கேன்சர்ல வேலையும் செய்யுது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் அந்த வழி. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல மெலனோமா மூளைக்குப் பரவியிருந்துச்சு, வயசு 90 தாண்டியாச்சு, ரேடியேஷனும் பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தாங்க, அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்து 100 வயசு முடிச்சுட்டுப் போனார். ரெண்டு ப்ரேக்கையும் சேத்து எடுத்த மெலனோமா ட்ரையலோட பத்து வருஷக் கணக்கு 2024-ல வந்துச்சு, 43 சதவீதம் பேர் உயிரோட இருக்காங்க. பத்து வருஷம்! ஒரு வருஷம் தாண்டாத வியாதியில.

எல்லாருக்கும் வேலை செய்யுதான்னா இல்ல, இதை மறைக்கக்கூடாது. கணையக் கேன்சர்ல பெரும்பாலும் ஒண்ணும் நடக்கறதில்ல, ப்ராஸ்டேட்லயும் ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான், மூளையிலயே ஆரம்பிக்கற கிளையோபிளாஸ்டோமாவுலயும் அப்படித்தான். அந்தக் கட்டிகளுக்குள்ள டி செல் போறதே இல்ல, போகாத வண்டிக்கு ப்ரேக்கை எடுத்து என்ன பிரயோஜனம். ஆலிசன் 2012-லேர்ந்து ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன்ல இருக்கார், அவர் மனைவி பத்மனி ஷர்மாவும் அங்கயே கேன்சர் டாக்டர், ஆராய்ச்சியாளர். ஆபரேஷனுக்கு முன்னாடியே நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துட்டு, அப்புறம் வெட்டி எடுத்த கட்டிய லேப்ல வெச்சு உள்ள எந்த செல் வந்திருக்கு எது வரலன்னு பாக்கற வேலைய ஆரம்பிச்சு வெச்சவங்கள்ல அவங்க முக்கியமானவங்க. இவங்க ரெண்டு பேரும் சேந்து இப்ப தேடறது இதைத்தான், யாருக்கு ஏன் கேக்கல. (ஆலிசன் ஹார்மோனிகா வேற வாசிப்பார், இம்யூனாலஜி ஆளுங்களே சேந்த ஒரு பேண்ட் இருக்கு, பேரு தி செக்பாயின்ட்ஸ், யூட்யூப்ல தேடிப் பாருங்க.)

அடுத்தது காசு. இபிலிமுமாப் வந்தப்ப நாலு டோஸுக்கு 1,20,000 டாலர். நம்ம ஊருல இந்த வகை மருந்து கிடைக்குது, ஆனா வருஷத்துக்குப் பல லட்சம், நிலத்தை வித்தாலும் முடியாத குடும்பங்கள்தான் அதிகம். இதுல மும்பை டாட்டா மெமோரியல்காரங்க பண்ண ஒரு வேலைய எல்லாரும் தெரிஞ்சுக்கணும். புகையிலையால வர்ற வாய், தொண்டைக் கேன்சர் நம்ம நாட்டுல எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். டி செல் மேல இருக்கற பிடி-1-ஐ மறைக்கறதுக்கு இவ்ளோ மருந்து உண்மையிலயே வேணுமான்னு கேட்டாங்க. வழக்கமா நிவோலுமாப் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ 240 மில்லிகிராம் போடுவாங்க, இவங்க மூணு வாரத்துக்கு ஒருதடவ வெறும் 20 மில்லிகிராம், கூட விலை கம்மியான மாத்திரைகள். 151 பேர் சேந்த ட்ரையல். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினது 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேந்தவங்கள்ல 43.4 சதவீதம். முழு டோஸோட நேருக்கு நேர் வெச்சு அந்த ட்ரையல் பாக்கல, அதையும் சொல்லிடறேன். ஆனாலும் பத்துல ஒரு பங்குக்கும் கம்மியான மருந்துல இவ்ளோ வித்தியாசம்னா, முழு டோஸுக்கு வழியே இல்லாத ஒரு குடும்பத்துக்கு அது என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த வகை மருந்து எழுதியிருந்தா டாக்டர்கிட்ட பிடி-எல்1, எம்எஸ்ஐ டெஸ்ட் (இந்த மருந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கான்னு கட்டியில பாக்கற டெஸ்ட்) அவங்க கேன்சருக்குத் தேவையா, கம்மி டோஸ் அவங்களுக்குப் பொருந்துமா, ரெண்டையும் தைரியமா கேளுங்க. மருந்து போற காலத்துல பேதி, மூச்சு வாங்கறது, தோல்ல தடிப்பு, காரணமில்லாம அசதி, விடாத தலைவலி இதுல எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பாக்காம அன்னைக்கே சொல்லணும், சாதாரண வயித்துப்போக்குன்னு விட்டு குடல் ஓட்டையான ஆளுங்க இருக்காங்க. கடைசி டோஸ் முடிஞ்சு பல மாசம் கழிச்சும் வரலாம். அப்ப வேற டாக்டர்கிட்ட, வேற ஊருல காட்ட வேண்டி வந்தா, இன்ன மருந்து போட்டிருக்குன்னு பேரைக் காட்டுங்க, ஒரு சீட்டுல எழுதி நோயாளியோட பர்ஸ்லயே வெச்சுடுங்க.